செவனிங் உதவித்தொகை: விண்ணப்பிக்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்குச் செலவை ஏற்கும் செவனிங் உதவித்தொகை பற்றி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் விண்ணப்பிப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இவை. தேதியும் தொகையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டில் செவனிங் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செவனிங் யார் தரும் பணம்? அதைத் தெரிந்துகொண்டு எனக்கு என்ன ஆகப்போகிறது?

பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகம் தரும் பணம். 1983-இல் வேறொரு பெயரில் தொடங்கியது. 1994-இல் இந்தப் பெயர் வந்தது. கென்ட் பகுதியில் வெளியுறவு அமைச்சர்கள் பயன்படுத்திவரும் மாளிகையின் பெயர்தான் செவனிங்.

யார் பணம் என்பது தெரிந்தால்தான் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று பிடிபடும். கல்வித் துறையின் பணமாக இருந்தால் மதிப்பெண்ணை வைத்து வரிசைப்படுத்திவிடுவார்கள். வெளியுறவுத் துறைக்கு வேறு கணக்கு. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து உங்கள் நாட்டில் ஏதோ ஒரு துறையில் முடிவெடுக்கும் இடத்தில் யார் இருப்பார் என்று ஊகித்து, அவரோடு இப்போதே பழக்கம் ஏற்படுத்திக்கொள்ளப் பார்க்கிறார்கள். வேலை அனுபவம் கேட்பதும், படித்து முடித்ததும் ஊர் திரும்பச் சொல்வதும், நாலு பேரோடு எப்படிப் பழகுவீர்கள் என்று தனிக் கட்டுரை எழுதச் சொல்வதும் அதனால்தான். தங்கப் பதக்கம் வாங்கியவரை விட்டுவிட்டு, சுமாரான மதிப்பெண்ணோடு மாவட்ட அளவில் ஒரு வேலையைச் செய்து காட்டியவரை எடுத்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அடிப்படைத் தகுதி என்ன?

செவனிங் பட்டியலில் உள்ள நாட்டின் குடியுரிமை வேண்டும். இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேரப் போதுமான இளநிலைப் பட்டம் வேண்டும். இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்கச் சம்மதிக்க வேண்டும். முன்பே பிரிட்டிஷ் அரசுப் பணத்தில் உதவித்தொகை பெற்று அங்கே படித்தவருக்கு இது கிடையாது. வயது வரம்பு இல்லை; நாற்பதைத் தாண்டியவரும் தாராளமாகப் போடலாம்.

2,800 மணியை எப்படிக் கணக்கிடுவது?

வாரம் 35 மணி, ஆண்டுக்கு 40 வாரம் என்று வைத்தால் ஓராண்டுக்கு 1,400 மணி. இரண்டு ஆண்டுக்கு 2,800. முழுநேர வேலையில் இருப்பவர் இதைப் போட்டுப் பார்க்கவே தேவையில்லை. துண்டு துண்டாக வேலை பார்த்தவர்தான் கணக்குப் போட வேண்டும்.

ஒருவர் மூன்று ஆண்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் பகுதிநேரமாக வாரம் 15 மணி, ஆண்டுக்கு 45 வாரம் வேலை செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 15 × 45 × 3 = 2,025 மணி. பிறகு வேறோர் இடத்தில் முழுநேரமாக வாரம் 40 மணி, 24 வாரம்: 960 மணி. இரண்டும் சேர்ந்து 2,985. தேறிவிட்டார். சம்பளம் இல்லாத தன்னார்வப் பணியும் கணக்கில் சேரும். ஆனால் அதைக் கேட்டால் உறுதிசெய்ய ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. கல்லூரிப் படிப்பின் கட்டாயப் பகுதியாகச் செய்த இன்டர்ன்ஷிப்பையோ, எம்.பி.பி.எஸ். முடிக்கச் செய்யும் ஹவுஸ் சர்ஜன் காலத்தையோ சேர்க்காதீர்கள். பட்டத்துக்குப் பின் செய்த வேலையை மட்டும் கூட்டி 2,800 வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ஓராண்டு பொறுத்துப் போடுவதே நல்லது. எப்படியும் வேலையில் காட்ட ஒன்றும் இல்லாதவரின் கட்டுரை வெறும் ஆசைப் பட்டியலாகத்தான் முடியும்.

மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். போதுமா? அரியர் வைத்திருந்தேன், பரவாயில்லையா?

பெரும்பாலான பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் இந்தியாவின் மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்கின்றன. எத்தனை சதவீதம் வேண்டும் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் தளத்தில் நாடுவாரியாகப் போட்டிருக்கும். சில இடங்களில் நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தைப் பொறுத்தும் அந்த எண் மாறும். செவனிங்குக்கு இதில் தனி வரம்பு இல்லை. பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டால் போதும்.

முடித்துவிட்ட அரியர் தடை இல்லை. டிரான்ஸ்கிரிப்டில் (முழு மதிப்பெண் பட்டியலில்) அது தெரியும், கேட்டால் ஒரு வரியில் காரணம் சொன்னால் முடிந்தது. முடிக்காத அரியர் இருந்தால் பட்டமே கையில் இல்லை என்று அர்த்தம். அதோடு விண்ணப்பிக்க முடியாது.

என்னென்ன செலவை ஏற்கிறார்கள்?

கல்விக் கட்டணம், மாத உதவித்தொகை (லண்டனில் படித்தால் கூடுதல்), போக வர எகானமி விமானச் சீட்டு, போய் இறங்கியதும் ஒரு தொகை, கிளம்பும்போது ஒரு தொகை, ஒரு விசா விண்ணப்பச் செலவு. எம்.பி.ஏ.வுக்கு மட்டும் கல்விக் கட்டணத்தில் 22,000 பவுண்டு வரைதான் தருவார்கள். பெயர்பெற்ற பிசினஸ் ஸ்கூல்களில் கட்டணம் அதைவிடப் பல மடங்கு. மீதியைக் கட்ட வழி இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டால், செவனிங் படிவத்தில் எழுதும் மூன்று படிப்புகளில் ஓர் இடம் வீண்.

பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணம், ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் கட்டணம், டிரான்ஸ்கிரிப்ட் செலவு எல்லாம் உங்கள் பாடு. குடும்பத்துக்கும் எதுவும் இல்லை.

இன்னொன்று: மாதத் தொகை ஒருவர் சிக்கனமாக வாழப் போதும். ஊருக்கு அனுப்பிக் கடன் அடைக்கலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

மூன்று படிப்புகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முழுநேரமாக, இலையுதிர் காலத்தில் தொடங்கி, 9 முதல் 12 மாதத்துக்குள் முடியும் முதுகலையாக இருக்க வேண்டும். பகுதிநேரம், தொலைதூரம், பிஎச்.டி. எதுவும் செல்லாது. மூன்றும் வெவ்வேறு பல்கலைக்கழகமாக இருக்கலாம், ஒரே இடத்தின் மூன்று படிப்பாகவும் இருக்கலாம்.

மூன்றும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். ஒன்று நீர் மேலாண்மை, ஒன்று பொது நிர்வாகம், ஒன்று டேட்டா சயின்ஸ் என்று போட்டால், எங்கே இடம் கிடைத்தாலும் போய்விடுவேன் என்கிறீர்கள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அதே மூன்று இடத்தையும் நீர்க் கொள்கை, நீர்ப் பாதுகாப்பு, நகர்ப்புற நீர் வழங்கல் என்று நிரப்பினால் கேள்வி எழாது.

தரவரிசையைப் பார்த்து மட்டும் எடுக்காதீர்கள். படிப்பின் மாட்யூல் பட்டியலைத் திறந்து, உங்கள் வேலையில் முட்டி நிற்கும் இடத்துக்கு உதவும் பாடங்கள் இரண்டையாவது பெயர் சொல்லிக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்தப் படிப்பு உங்களுக்கானது இல்லை, ஆக்ஸ்ஃபோர்டாகவே இருந்தாலும். மூன்றில் ஒன்றாவது நிச்சயம் இடம் கிடைக்கக்கூடியதாக இருக்கட்டும்.

செவனிங் கிடைத்த பிறகு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் போதாதா?

போதாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது இங்கேதான்.

செவனிங் படிவத்தில் மூன்று படிப்பின் பெயரை எழுதுவது பல்கலைக்கழக விண்ணப்பம் ஆகாது. இவை இரண்டு தனித்தனி வேலைகள். செவனிங் முடிவு ஜூன் மாதத்தில் வரும். அந்த மூன்றில் ஒன்றிலிருந்தாவது நிபந்தனையற்ற ஆஃபர் (இனி எதுவும் கேட்காமல் இடம் உறுதி என்று சொல்லும் கடிதம்) ஜூலையில் ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் உங்கள் கையில் இருந்தாக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் பெரும்பாலான படிப்புகளுக்கு டிசம்பர், ஜனவரியிலேயே கடைசித் தேதி வந்துவிடும். மற்ற இடங்களிலும் கூட்டம் உள்ள படிப்புகள் இடம் நிரம்பியதும் மூடப்படும். ஜூனில் ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்’ என்று மின்னஞ்சல் வந்த பிறகு கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்காது.

செவனிங் படிவத்தைச் சமர்ப்பித்த கையோடு, அக்டோபர் முதல் டிசம்பருக்குள் மூன்று இடத்துக்கும் விண்ணப்பித்துவிடுவது பாதுகாப்பு. கட்டணம் கேட்கும் இடங்களை விடுத்து, இலவசமாக ஏற்கும் இரண்டுக்கு முதலில் போடலாம். நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் மூன்றாவது. கையில் காசு குறைவாக உள்ளவர்களுக்கு இந்த வரிசை உதவும், கடைசித் தேதி இடம் கொடுத்தால்.

நான்கு கட்டுரைகளில் என்ன எழுத வேண்டும்?

தலைமைப் பண்பும் செல்வாக்கும், உறவுகளை உருவாக்குதல், ஏன் பிரிட்டனில் இந்தப் படிப்பு, எதிர்காலப் பணித் திட்டம். இவைதான் வழக்கமான நான்கு. ஒவ்வொன்றுக்கும் சில நூறு சொற்களே இடம். எல்லை படிவத்திலேயே இருக்கும். தாண்டினால் பெட்டி ஏற்காது.

தலைமைக் கட்டுரையில் பலர் பதவியை எழுதுகிறார்கள். ‘பதினைந்து பேர் கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கினேன், எல்லோரையும் ஊக்குவித்தேன், திட்டம் வெற்றிகரமாக முடிந்தது.’ இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். படிக்கும் ஆளுக்கு உங்களைப் பற்றி இதில் ஒன்றும் தெரியவில்லை.

இதையே இப்படிப் பாருங்கள்: ‘மூன்று ஊராட்சிகளில் குழாய்த் தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் வேலைக்குப் போகாமல் காத்திருந்தார்கள். தண்ணீர் திறப்பவர்களுக்கு நான் மேலதிகாரி இல்லை. அவர்களோடு இரண்டு வாரம் கூடவே சுற்றி, மின்வெட்டு நேரத்தைக் குறித்து, அதை வைத்து ஓர் அட்டவணை போட்டோம். ஒரு ஊராட்சித் தலைவர் மறுத்தார். பக்கத்து ஊரில் நடப்பதை அவர் ஊர்ப் பெண்களே போய்ப் பார்த்து வந்து கேட்ட பிறகு ஒப்புக்கொண்டார்.’ பதவிப் பெயர் ஒன்றுகூட இல்லை. என்ன சிக்கல், தன் கையில் அதிகாரம் இல்லாதபோது என்ன செய்தார், யார் எதிர்த்தார், எப்படித் தீர்ந்தது என்று எல்லாம் தெரிகிறது. செல்வாக்கு என்று அவர்கள் கேட்பது இதைத்தான்.

நம் ஊர் வளர்ப்பில் ‘நான் செய்தேன்’ என்று சொல்வது தற்பெருமையாகப் படும். அதனால் ‘நாங்கள்’, ‘எங்கள் குழு’, ‘செய்யப்பட்டது’ என்று எழுதிவிடுவோம். மதிப்பெண் போடுகிறவர் குழுவுக்குப் போட முடியாது. குழு செய்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதில் உங்கள் கை பட்ட இடத்தை ‘நான்’ என்று எழுதுங்கள்.

உறவுக் கட்டுரையில் ‘எனக்கு லிங்க்ட்இன்னில் ஐயாயிரம் பேரைத் தெரியும்’ என்று எழுதுவதில் பயனில்லை. ஒரே ஒரு தொடர்பை எடுங்கள். எப்படி அறிமுகம், நீங்கள் அவருக்கு என்ன செய்தீர்கள், அவரால் எந்த வேலை நடந்தது, இன்றும் எப்படித் தொடர்கிறது என்று எழுதுங்கள். வாங்கியதை மட்டும் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டால் பாதிக் கட்டுரைதான்.

படிப்புக் கட்டுரை எளிது. மாட்யூல் பெயர்களைத் தேடி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பல்கலைக்கழகத்தின் பழம்பெருமையை அவர்களுக்கே விளக்கிச் சொற்களை வீணாக்காதீர்கள்.

பணித் திட்டம்தான் பலருக்குச் சறுக்கும் இடம். ‘என் நாட்டின் கல்வித் துறையை மாற்றுவேன்’ என்பது திட்டம் ஆகாது. திரும்பி வந்த முதல் இரண்டு ஆண்டில் எந்த வகை நிறுவனத்தில், எந்தப் பொறுப்பில், யாருடைய எந்த முடிவை மாற்ற முயல்வீர்கள்? ஐந்தாம் ஆண்டில்? பத்தாம் ஆண்டில்? ஒவ்வொரு படியும் முந்தையதிலிருந்து நம்பும்படியாக எழ வேண்டும். தனியார் வங்கியில் மூன்று ஆண்டு இருந்தவர் திடீரென்று ஐ.நா.வில் நிற்பதாக எழுதினால் நடுவில் உள்ள படி எங்கே என்று கேட்பார்கள்.

நான்கையும் எழுதியபின் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். ஒரே நிகழ்ச்சி இரண்டு கட்டுரையில் வந்தால் ஒன்றை மாற்றுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும்.

சாட்ஜிபிடியை வைத்து எழுதலாமா? தேர்வானவர்களின் பழைய கட்டுரையைப் பார்த்து எழுதலாமா?

எழுத வேண்டாம். திருட்டு எழுத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை உண்டு. இன்னொருவர் வரிகள் இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகும். பழைய கட்டுரைகளை எப்படி அமைத்தார்கள் என்று பார்க்கப் படிக்கலாம். பிறகு மூடி வைத்துவிட்டு உங்கள் கதையை எழுதுங்கள். முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பது நல்ல வழி. சம்பவம் தெளிவாக வரும். பிறகு ஆங்கிலத்தில் சுருக்கிக்கொள்ளலாம். எழுத்துப் பிழை பார்க்க நண்பரிடம் கொடுங்கள். அவர் அழகுபடுத்த ஆரம்பித்தால் பிடுங்கிக்கொள்ளுங்கள். நேர்காணலில் அந்தச் சொற்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ரெஃபரன்ஸ் (பரிந்துரைக் கடிதம்) யாரிடம் வாங்குவது?

இரண்டு பேர் வேண்டும். கடிதங்களை நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்கள்தான் பதிவேற்ற வேண்டியிருக்கும், அதற்கும் கெடு உண்டு. சொந்தக்காரர் கூடாது. உங்கள் வேலையை நேரில் பார்த்த மேலாளர் ஒருவரும், பாடம் நடத்திய பேராசிரியரோ வேறொரு பணியில் கூட இருந்தவரோ ஒருவரும் என்றால் சரியாக இருக்கும்.

துணைவேந்தர், எம்.எல்.ஏ., ஐ.ஏ.எஸ். அதிகாரி என்று பெரிய பெயரைத் தேடி அலைவது நம் ஊர் வழக்கம். உங்களைத் தெரியாத பெரியவர் எழுதும் நான்கு வரி நற்சான்றிதழ், ‘இவர் நல்லொழுக்கம் உடையவர், எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறேன்’ என்றுதான் முடியும். அதற்கு மதிப்பில்லை. ‘நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்பவரிடம், நீங்கள் செய்த மூன்று வேலைகளைக் குறிப்பாக எழுதிக் கொடுத்து அவர் சொல்லில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு கடிதமும் ஒரே கை எழுதியதுபோல் இருந்தால் சந்தேகம் வரும்.

என் பெயரில் இனிஷியல் இருக்கிறது. படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கிறார்களே?

தமிழர்களுக்கே உரிய தலைவலி இது. சான்றிதழில் ‘எஸ். கவிதா’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா சுப்பிரமணியன்’, ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் ‘சுப்பிரமணியன் கவிதா’ என்று இருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு மூன்று பேராகத் தெரியும்.

வழி ஒன்றுதான்: பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும். செவனிங் படிவம், மூன்று பல்கலைக்கழகம், ஆங்கிலத் தேர்வு, பிறகு விசா, எல்லாம் ஒரே வரிசை, ஒரே எழுத்துக்கூட்டல். சான்றிதழில் இனிஷியல் இருப்பதால் கெடுதல் இல்லை. இனிஷியல் தந்தையின் அல்லது தாயின் பெயரின் முதல் எழுத்து என்று ஒரு வரி விளக்கம் சேர்த்து அனுப்பினால் ஏற்பார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பெட்டியே காலியாக இருந்தால், எப்படி நிரப்புவது என்று ஒவ்வொரு சேர்க்கை அலுவலகத்திடமும் மின்னஞ்சலில் கேட்டு அந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைத் திருத்தும் எண்ணம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

கடைசித் தேதி எது?

ஆகஸ்டில் திறக்கும். மூடும் தேதி நிலையானது இல்லை: 2024-இல் நவம்பர் 5, 2025-இல் அக்டோபர் 7. போன ஆண்டுத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு அக்டோபர் நடுவில் உட்கார்ந்தவருக்கு அந்த ஆண்டு போயிற்று. நேரத்தையும் கவனியுங்கள். யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) மதியம் 12 மணி என்றால் நமக்கும் இலங்கைக்கும் மாலை 5.30. நள்ளிரவு வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

ஒருவர் ஒரு விண்ணப்பம்தான் போடலாம், சமர்ப்பித்த பிறகு திருத்த முடியாது. கட்டுரைகளைத் தனிக் கோப்பில் எழுதி வைத்து, ஒட்டி, மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

பிப்ரவரி வாக்கில் ஷார்ட்லிஸ்ட் தெரியும். அதன் பிறகு ஏப்ரல் வரை நேர்காணல்கள். இரண்டு மூன்று பேர் கொண்ட பேனல், ஆங்கிலத்தில், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

உங்கள் கட்டுரைதான் வினாத்தாள். ‘ஊராட்சித் தலைவர் மறுத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால்?’ ‘நீங்கள் அங்கிருந்து வந்த பிறகு அந்த அட்டவணை இன்னும் நடக்கிறதா?’ இப்படித் தோண்டுவார்கள். எழுதியது நடந்தது என்றால் பதில் தானாக வரும். மனப்பாடம் செய்த கட்டுரையை ஒப்பிப்பவர் இரண்டாவது துணைக்கேள்வியில் நின்றுவிடுவார்.

தோற்றுப்போன முயற்சி ஒன்றைக் கேட்பது வழக்கம். ‘நான் அதிகமாக உழைப்பதுதான் என் பலவீனம்’ ரகப் பதிலைச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் துறையில் உங்கள் நாட்டு அரசின் நடப்புக் கொள்கை என்ன, அதில் எது சரியில்லை என்று நிதானமாக இரண்டு நிமிடம் பேசத் தெரிய வேண்டும். நமக்கு மௌனம் மரியாதை. அங்கே மௌனம் தெரியவில்லை என்று ஆகிவிடும். யோசிக்க நேரம் வேண்டுமானால் ‘ஒரு நிமிடம் கொடுங்கள்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ரிசர்வ் லிஸ்டில் இருக்கிறேன். என்ன செய்வது?

தேர்வான யாராவது விலகினால் அழைப்பார்கள். அழைப்பு வரும்போது நிபந்தனையற்ற ஆஃபர் இல்லை என்றால் அந்த வாய்ப்பும் போகும். எனவே தேர்வானவரைப் போலவே ஆஃபர் வேலையை முடித்து வையுங்கள். வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நிபந்தனையுள்ள ஆஃபரை நிபந்தனையற்றதாக மாற்றுவது எப்படி?

ஆஃபர் கடிதத்தில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். பெரும்பாலும் மூன்றுதான்: ஆங்கிலத் தேர்வு, இறுதி டிரான்ஸ்கிரிப்டும் பட்டச் சான்றிதழும், ரெஃபரன்ஸ்.

ஆங்கிலம்: ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். மொத்தம் 7 எடுத்திருந்தாலும் எழுத்தில் 6 வந்தால், ‘ஒவ்வொரு பிரிவிலும் 6.5’ கேட்கும் இடத்தில் நிபந்தனை நிறைவேறாது. நம்மவர்களுக்கு இடிப்பது பெரும்பாலும் எழுத்துப் பிரிவுதான். மறுபடி எழுத அவகாசம் வேண்டும் என்பதால் பிப்ரவரிக்குள் முதல் தேர்வை முடியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணை வைத்து விலக்குத் தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு. எந்த போர்டு, எத்தனை மதிப்பெண் என்று அவர்களிடமே கேளுங்கள். இலங்கையில் தமிழ்மொழி மூலம் பட்டம் பெற்றவர்கள் தேர்வு எழுத வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

டிரான்ஸ்கிரிப்ட்: தன்னாட்சிக் கல்லூரியில் படித்திருந்தால் மதிப்பெண் பட்டியல் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும், பட்டச் சான்றிதழ் பல்கலைக்கழகத்திலும் இருக்கும். எந்த ஜன்னலில் எதைக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு இடத்துக்கும் அலைவதிலேயே வாரங்கள் ஓடும். விண்ணப்பிக்கும் ஆகஸ்டிலேயே வாங்கி ஸ்கேன் செய்து வையுங்கள்.

சில இடங்களில் முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டும் முன், செவனிங் விண்ணப்பதாரர் என்று சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி விலக்கோ அவகாசமோ கேளுங்கள்.

விசாவில் எது தடங்கும்?

காசநோய்ச் சோதனையும் ஏடாஸ் சான்றும்.

ஆறு மாதத்துக்கு மேல் தங்கப்போகிற இந்தியர், இலங்கையர் இருவரும் பிரிட்டன் அங்கீகரித்த மருத்துவ மையத்தில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துச் சான்று பெற வேண்டும். வீட்டுப் பக்கத்து ஸ்கேன் சென்டர் ரிப்போர்ட் செல்லாது. சான்றுக்கு ஆறு மாதம்தான் ஆயுள். உற்சாகத்தில் ஜனவரியிலேயே எடுத்தால் ஆகஸ்டில் மறுபடி எடுக்க வேண்டும்.

ஏடாஸ் என்பது சில அறிவியல், பொறியியல் படிப்புகளுக்கு வெளிநாட்டவர் வாங்க வேண்டிய முன் அனுமதி. கட்டணம் கிடையாது, ஆனால் வாரக்கணக்கில் ஆகும். அது வராமல் விசாவுக்குப் போட முடியாது. ஆஃபர் கடிதத்தில் அந்தச் சொல் தென்பட்டால் அன்றைக்கே விண்ணப்பியுங்கள்.

மனைவி, குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

2024 ஜனவரி முதல் பாடவழி முதுகலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவர பிரிட்டன் தடை போட்டது. அரசு உதவித்தொகையில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்குப் போகிறவர்களுக்கு அந்தத் தடை இல்லை. செவனிங் அந்த வகை. ஆனால் குடும்பத்தினரின் விசா, மருத்துவக் கட்டணம், விமானச் சீட்டு, வாடகை, விசாவுக்குக் காட்ட வேண்டிய வங்கி இருப்பு எல்லாம் உங்கள் கையிலிருந்து. வாடகைக்கு வீடு பிடிக்கும்போது பிரிட்டனில் வசிக்கும் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று பல வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். தனியாகப் போகிறவர் பல்கலைக்கழக விடுதியில் இந்தச் சிக்கலிலிருந்து தப்பிவிடுவார்.

படித்து முடித்து அங்கேயே வேலை தேடலாமா?

கூடாது. இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஒப்பந்தம். அங்கே தங்கி வேலை பார்ப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் செவனிங் உங்களுக்குச் சரிப்படாது. அதை இப்போதே முடிவு செய்துகொண்டால் நான்கு கட்டுரை எழுதும் நேரம் மிச்சம்.

எனக்கு ஆராய்ச்சிதான் வேண்டும். வேறு என்ன இருக்கிறது?

பிரிட்டனில் ஆய்வு என்றால் காமன்வெல்த் உதவித்தொகை. ஊரில் பிஎச்.டி. பதிவு செய்துவிட்டு ஓராண்டு வரை அங்கே போய் ஆய்வு செய்யும் பிரிவு அதில் உண்டு. அமெரிக்காவுக்கு இந்தியப் பிஎச்.டி. மாணவர்கள் ஃபுல்பிரைட்–நேரு ஆய்வு உதவித்தொகையில் 6 முதல் 9 மாதம் போகலாம். ஐரோப்பாவில் இரண்டு மூன்று நாடு சுற்றி முதுகலை படிக்க எராஸ்மஸ் முண்டுஸ். மாதம் 1,400 யூரோ, வேலை அனுபவம் கட்டாயம் இல்லை.

பட்டியல் இனத்தவருக்கும் வேறு சில பிரிவினருக்கும் இந்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது: ஆண்டுக்கு 125 இடம், 35 வயதுக்குள், 60 சதவீத மதிப்பெண், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். முதுகலையும் பிஎச்.டி.யும் படிக்கலாம். 2022 முதல் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இதில் இடம் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். சாதியைப் பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்ய நினைக்கும் மாணவருக்குக் கதவை அடைத்த விதி அது. தமிழ்நாட்டு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் பார்க்க வேண்டும்.

ஒருமுறை தள்ளிவிட்டார்கள். மறுபடி போடலாமா?

எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம். கிடைத்ததை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கத்தான் முடியாது.

எந்தக் கட்டத்தில் நின்றது என்று பாருங்கள். கட்டுரைக் கட்டத்திலேயே நின்றால் அதே கட்டுரையை மெருகேற்றி மறுபடி அனுப்புவதில் பயனில்லை. வேறு சம்பவம், வேறு திட்டம் வேண்டும். நேர்காணல் வரை போய் நின்றால் கட்டுரை சரி, பேச்சில்தான் குறை. வெளியே வந்த அன்றே கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் நோட்டில் எழுதி வைத்திருந்தால் அடுத்த முறைக்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது.

ஏஜென்ட் மூலம் போட்டால் வாய்ப்பு கூடுமா?

கூடாது. செவனிங் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, ஏஜென்டும் கிடையாது. பணம் கேட்டு, ‘எம்பசியில் ஆள் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் கதவைச் சாத்துங்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு ஏஜென்டை வைத்திருந்தால், போர்ட்டலின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்கள் பெயரில், உங்கள் கைபேசியில் இருக்கட்டும். நிபந்தனைக் கடிதம் ஏஜென்டின் இன்பாக்ஸில் கிடந்தால் ஜூலைத் தேதி உங்களுக்குத் தெரியாமலே தாண்டிப் போகும்.